பஞ்சு

மாத்திரை பாட்டிலுக்குள் பஞ்சு திணிக்கக் கற்றுக்கொண்டது
அவருக்குக் கருமாதி முடிந்த மாசம்.
குலுங்கினால் கேட்கும்.
கேட்டால் கேள்வி வரும்.
பரிக்கல்பட்டில் கேள்விக்கு என்றைக்கும் பஞ்சமில்லை.

அதனால்தான் பாண்டிக்குப் போகாமல்
தெற்கே பஸ் ஏறினேன், பதினாலு வருஷம்.
தென்பெண்ணைக்கு அந்தப் பக்கம்
என் பெயர் தெரிந்தவர் இல்லை.
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரி, மூலையில் ஒரு பெஞ்சு,
இருதயமேரி சிஸ்டர் எண்ணித் தரும் முப்பது.

அந்தப் பங்குனியில் ஆறு ஆறாகத்தான் கிடந்தது.
முள்ளோடையில் இரும்புத் தடுப்பு வந்தது.
"எங்க?"
"கடலூர். மாத்திரை வாங்க."
"என்ன மாத்திரை?"
"சக்கரை."
"சக்கரைக்குக் கிருமாம்பாக்கத்துலயே குடுப்பாங்களேம்மா."
நல்ல மனுஷன். வழிகூடச் சொன்னார்.
இந்த எல்லையில் காலங்காலமாகப் பாட்டிலைத்தான் ஒளிப்பார்கள்,
பாண்டியிலிருந்து கடலூருக்கு.
நான் ஒருத்திதான் எதிர்த்திசையில்.

வீட்டில் ஒன்பது இருந்தது.
எட்டு.
ஐந்தானபோது பாதியாக நறுக்கலாமா என்று பார்த்தேன்.
கூடாது, தெரியும்.
கத்தியைக் கழுவி வைத்தேன்.
இரண்டு மிச்சமிருக்கையில் சிஸ்டர் போன் பண்ணினார்:
"தடுப்புகிட்ட வா, கேழ்வரகு மாவு கேட்டியே."
நான் கேட்கவில்லை.
கம்பிக்கு மேலே மஞ்சள் பை கைமாறியது.
வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி
மாவுக்குள் கைவிட்டேன், முழங்கை வரைக்கும்.
தொண்ணூறு.

மறுவருஷம் வைகாசியில் அது எனக்கே வந்தது.
கதிர்காமத்தில் இறக்கிவிட்டார்கள்.
கவச உடைக்குள் ஒரு பிள்ளை,
என் மகனைவிட இரண்டு வயசு கூட இருக்கலாம்,
படிவத்தை வைத்துக்கொண்டு கத்தினான்.
அதற்குள்ளிருந்து யாரானாலும் கத்தத்தான் வேண்டும்.
"வேற ஏதாவது வியாதி இருக்கா?"
நாற்பது கட்டில்.
பேனாவை வாங்கி
அவன் கையுறை மேலேயே எழுதினேன்.
படித்தான்.
சடாரென்று கையுறையை உருவிக் குப்பையில் போட்டான்.
எனக்கு வயிறு சில்லிட்டுப்போனது.
எட்டிப் பார்த்தேன்:
எழுத்து உள்ளே போகும்படி
புறம் மாற்றிச் சுருட்டியிருந்தான்.
புதுசு மாட்டிக்கொண்டு வந்து என் நாடியைப் பிடித்தான்.

விரலைக் கவ்விய கருவி தொண்ணூற்றொன்று காட்டியது.
வார்டு முழுக்க எண்ணைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது.
நான் எண்களோடு குடித்தனம் நடத்துகிறவள்.
போன தையில் அறுநூற்றுப் பன்னிரண்டு,
அதற்கு முன்னே ஒரு காலம் எண்பத்தி நாலு.
இருந்தாலும் மூச்சு மூச்சுதானே.
மூன்றாம் ராத்திரி குப்புறப் படுத்து
தரையின் சதுரங்களை எண்ணினேன், தப்புத் தப்பாக.

பக்கத்துக் கட்டில் அஞ்சலாட்சி.
தவளக்குப்பத்தில் இட்லிக்கடை.
மாவை யார் ஆட்டுவார்கள் என்பதே அவளுக்குக் கவலை.
ஒன்பது மணிக்கு என் போன் அதிர்ந்தது.
போர்வைக்குள் விழுங்கினேன்.
"சக்கரையா?" என்றாள்.
"ஆமா."
வெகுநேரம் ஆக்சிஜன் மட்டும் குமிழிட்டது.
பிறகு முகமூடிக்குள்ளிருந்து:
"எனக்கும் சக்கரைதான்."

ஐந்தாம் நாள் விடியலில் அவள் கட்டில் காலி.
மாடிக்கு மாற்றினதாக ஒருத்தர் சொன்னார்.
இன்னொருத்தர் ஒன்றும் சொல்லவில்லை.
எழுந்துபோய்க் கேட்க எனக்குக் காற்று போதவில்லை.
விரிப்பை உதறியபோது
என்னவோ உருண்டு என் கட்டிலடிக்கு வந்தது.

பஞ்சு.
பாட்டில் கழுத்தளவுக்கு உருட்டி,
அழுந்தி அழுந்தி
கெட்டிப்பட்டுப் போன பஞ்சு.

அன்றைக்கு ஒன்பது மணிக்கு
என்னுடையதை வெளியே எடுத்துவிட்டு
பாட்டிலைக் குலுக்கினேன், ஒருதரம், நன்றாக.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
கடைசிக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள்.